திரும்பா முயலும் திரும்பும் பந்தும்

நுழையும்முன்

வீட்டில் வளரும் நாயோடு பந்தெறிந்து விளையாடுவது இருவருக்கும் இன்பம் தருவது. எறிபவர் மகிழ்கிறார், எடுத்து வரும் நாயும் வாலாட்டி மகிழ்கிறது. ஆயினும் ஒரே செயல் அளவின்றித் தொடரும்போது, அடியோ வெட்டோ இல்லாமலேயே உடல் காயமடைகிறது. பொருநை ஆற்று நிலப்பகுதியின் வேட்டை நாய்களை முன்வைத்து, விளையாட்டுப் பொருள்களையும் அவற்றால் நேரும் மீள்செயல் காயங்களையும் இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மாலை விளையாட்டு

பாளையங்கோட்டையில் ஒரு தெரு. பள்ளியிலிருந்து வந்த மாணவன் ஒருவன், சீருடையைக்கூட மாற்றாமல், பழைய டென்னிஸ் பந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறான் என்று கொள்வோம். பந்தைக் கண்டதும் அவன் வளர்க்கும் கன்னி நாய் துள்ளி எழுகிறது. அவன் எறிகிறான், அது பாய்ந்தோடிக் கவ்வி வருகிறது. மீண்டும் எறிகிறான், மீண்டும் ஓடுகிறது. பந்து உயரச் செல்லும்போது நாயும் உயரத் தாவி, காற்றிலேயே உடலைத் திருப்பிப் பிடிக்கிறது. தெருவில் நிற்போர் கைதட்டுகின்றனர். விளக்கேற்றும் நேரம் வரை விளையாட்டு நீள்கிறது. அதற்குள் நாற்பது முறையாவது பந்து எறியப்பட்டிருக்கும்.

மறுநாள் காலை நாய் படுத்த இடத்தைவிட்டு மெல்ல எழுகிறது. பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றத் தயங்குகிறது. முள் தைத்திருக்குமோ என்று மாணவன் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிறான். முள் இல்லை. வீக்கம் இல்லை. யாரும் அடிக்கவும் இல்லை. சிறிது நேரம் நடந்ததும் நொண்டுதல் குறைகிறது. மாலையில் பந்தைக் கண்டதும் நாய் முன்போலவே துள்ளுகிறது. "சரியாகிவிட்டது" என்று எண்ணி அவன் மீண்டும் எறிகிறான்.

அவனிடம் அன்புக்குக் குறைவில்லை. அறியாமைதான் குறை. நாற்பது முறை ஓடிய நாய், நாற்பது முறை திடீரென நின்றிருக்கிறது. நாற்பது முறை உடலை வளைத்துத் திரும்பியிருக்கிறது. அவன் கண்ணுக்கு ஓட்டம் தெரிந்தது. நிறுத்தமும் திருப்பமும் தெரியவில்லை. காயம் பெரும்பாலும் அவ்விரண்டிலிருந்தே பிறக்கிறது.

பொருநை நாட்டின் ஓட்ட நாய்கள்

பொதிகை மலையில் தோன்றி, திருநெல்வேலிச் சீமையை வளப்படுத்தி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் தாமிரபரணியைப் பழந்தமிழர் பொருநை என்றனர். ஆற்றின் இருகரையும் நெல்லும் வாழையும் செழிக்கும் நன்செய். அதைவிட்டு வடக்கே செல்லச் செல்ல மண்ணின் நிறம் மாறுகிறது. கரிசல் காடு விரிகிறது. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை மறைப்பின்றிக் கிடக்கும் அந்நிலத்துக்கு ஏற்றவை, தொலைவில் அசையும் சிறு பொருளையும் கண்டு விரைந்து துரத்தும் நாய்கள். கன்னி, சிப்பிப்பாறை ஆகிய இனங்கள் அவ்வாறு வளர்ந்தவை.

சிப்பிப்பாறை என்பது விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூரின் பெயர். ஊரின் பெயரே நாய்க்கும் ஆயிற்று. கன்னி நாய்களில் கருமையும் பழுப்பும் கலந்தவை கருங்கன்னி எனவும், வெளிர்நிறம் உடையவை பால்கன்னி எனவும் வழங்கப்படுகின்றன. இவ்விரு இனங்களோடு இராசபாளையம், கோம்பை ஆகியவையும் தமிழகத்தின் பெயர்பெற்ற நாட்டு நாய்கள். இந்திய அஞ்சல் துறை 2005ஆம் ஆண்டு வெளியிட்ட நான்கு நாய் இன அஞ்சல்தலைகளுள் ஒன்றில் இராசபாளையம் நாய் இடம்பெற்றது.

கன்னி, சிப்பிப்பாறை நாய்களின் உடலமைப்பைப் பாருங்கள். நீண்ட முகம், ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய இடை, மெலிந்து நீண்ட கால்கள், வில்போல் வளையும் முதுகு. ஆழ்ந்த மார்பில் பெரிய நுரையீரலும் இதயமும் அமைகின்றன. இவை முழு வேகத்தில் பாயும்போது, ஒரு பாய்ச்சலுக்குள் இருமுறை நான்கு கால்களும் தரையைவிட்டு மேலெழுகின்றன. கால்கள் அனைத்தும் உடலுக்கடியில் கூடும்போது ஒருமுறை. முன்னும் பின்னும் நீளும்போது மற்றொரு முறை. ஆகவே இந்நாய் ஓடுகிறது என்பதைவிடப் பறந்து பறந்து தரையைத் தொடுகிறது என்பதே பொருந்தும். ஒவ்வொரு முறை தரையைத் தொடும்போதும் உடலின் எடை முழுவதும் ஓரிரு கால்களின்மீது இறங்குகிறது.

தெரிந்து தெளிவோம்

சங்க இலக்கியங்களில் நாயைக் குறிக்க ஞமலி, ஞாளி ஆகிய சொற்கள் ஆளப்பட்டுள்ளன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவத்தோடு, அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்த நாய், கள்வர் இருவரைக் கடித்துக் காவல் காத்த செய்தியும் கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. வீரனுக்கு எடுத்த கல்லில் நாயின் பெயரையும் எழுதிய மரபு நம்முடையது.

வேட்டை போயிற்று, கால்கள் இருக்கின்றன

முற்காலத்தில் இந்நாய்களின் தொழில் முயல் துரத்துவதும் காவல் காப்பதும் ஆகும். 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும் அதன் திருத்தங்களும் முயல் வேட்டையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கின. காட்டுயிர்கள் அருகிவரும் காலத்தில் அச்சட்டம் இன்றியமையாதது. வேட்டை நின்றது, ஆனால் பல தலைமுறைகளாக ஓட்டத்துக்கென்றே தேர்ந்து வளர்க்கப்பட்ட கால்களும், அசைவதைக் கண்டால் துரத்தும் இயல்பும் நாயிடம் அப்படியே இருக்கின்றன. கரிசல் காட்டில் ஓடிய நாய் இன்று நகர வீட்டின் முற்றத்திலும் மாடியிலும் வாழ்கிறது. அதன் ஓட்டத்துக்கு ஒரு வடிகால் வேண்டும். அவ்விடத்தைப் பிடித்தது பந்து.

பந்து முயலின் மாற்று என்பது சரியே. ஆனால் இரண்டுக்கும் இடையே ஒரு பெரிய வேறுபாடு உண்டு. முயல் ஒருமுறைதான் ஓடும். பிடிபட்டாலும் தப்பினாலும் துரத்தல் அத்துடன் முடிந்துவிடும். நாய் நாக்கைத் தொங்கவிட்டு நிழல் தேடிப் படுக்கும். அடுத்த முயல் தென்படும்வரை அதன் தசைகளுக்கு ஓய்வு கிடைக்கும். திரும்பா முயல், தன்னையறியாமலேயே நாய்க்கு ஓய்வைத் தந்தது. பந்தோ திரும்பத் திரும்ப வருகிறது. காணுதல், பாய்தல், கவ்வுதல் என்னும் வேட்டைத் தொடர் முடிந்த நொடியே மறுபடியும் தொடங்குகிறது. இயற்கை இட்டிருந்த முற்றுப்புள்ளியை விளையாட்டு அழித்துவிடுகிறது.

எறிபவரின் கை வலிப்பதும் ஒரு வரம்பாக இருந்தது. நீண்ட பிடியுடைய பிளாஸ்டிக் எறிகோல்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. அவற்றைக் கொண்டு, குனியாமலும் தோளை வருத்தாமலும் பந்தை வெகுதொலைவு எறியலாம். எறிபவர் களைப்பதில்லை, ஆகவே விளையாட்டு நிற்பதில்லை. மனிதத் தோளுக்குக் குறைந்த சுமை நாயின் தோளுக்குச் சென்று சேர்கிறது.

மீள்செயல் காயம்

ஒரே அசைவைப் போதிய ஓய்வின்றி மீண்டும் மீண்டும் செய்வதால் தசை, தசைநாண், எலும்பிணைப்பு நார், மூட்டு ஆகியவற்றில் சிறிது சிறிதாகச் சேரும் சிதைவே மீள்செயல் காயம். தசையை எலும்போடு பிணைப்பது தசைநாண். எலும்பை எலும்போடு பிணைப்பது எலும்பிணைப்பு நார். கடும் அசைவின்போது இவற்றின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்கிழிவுகள் உண்டாகலாம். உடல் அவற்றை ஓய்வு நேரத்தில் சீர்செய்துகொள்கிறது. அளவான பயிற்சியால் திசு வலிமையும் பெறுகிறது. சீராகும் முன்பே அடுத்த இழுப்பு நேர்ந்தால் கிழிவு கிழிவோடு சேர்கிறது. கிணற்றுக் கயிறு ஒரே நாளில் அறுவதில்லை. புரி புரியாகத் தேய்ந்து, ஒருநாள் அறுகிறது. அறுந்த நாளில் இறைத்த குடத்தின்மீது பழி போடுவதில் பயனில்லை.

மனிதரிடத்தில் இக்காயத்தை மருத்துவ உலகம் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டது. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமசினி தொழில்சார் நோய்கள் பற்றிய தம் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பில், எழுத்தர்களின் கை ஓயாது ஒரே திசையில் அசைவதால் நோயுறுவதை விளக்கினார். எழுதி எழுதி வலக்கை செயலிழந்த ஒருவர், இடக்கையால் எழுதப் பழகினார் என்றும், பின்னர் அக்கையும் அவ்வாறே நோயுற்றது என்றும் அவர் குறித்துள்ளார்.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் ஊர்களில் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு நாள்முழுதும் பீடி சுற்றும் பெண்களைக் கேட்டால் கழுத்து, தோள், விரல் வலியைச் சொல்வார்கள். அவர்கள் தூக்குவது பெருஞ்சுமை அன்று. ஓர் இலையும் சிறிது தூளுமே. சுமை சிறிதாயினும் எண்ணிக்கை பெரிது. கிரிக்கெட் ஆட்டத்திலும் இளம் வேகப்பந்து வீச்சாளர்கள் ஒரு நாளில் வீசும் ஓவர்களுக்குப் பயிற்சியாளர்கள் வரம்பு விதிப்பதை மாணவர்கள் அறிந்திருப்பர். வளரும் முதுகெலும்பு, மிகுதியான வீச்சால் விரிசல் கண்டுவிடக்கூடாது என்பதே அவ்வரம்பின் நோக்கம். வீச்சாளருக்கு உள்ள வரம்பு, பந்தை எடுத்துவரும் நாய்க்கும் வேண்டும்.

நாயின் உடல் தாங்கும் சுமை

நிற்கும் நாயின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்னங்கால்கள் தாங்குகின்றன. மனிதரின் தோள் காறை எலும்பால் உடலோடு இணைந்திருக்கிறது. நாய்க்கோ அத்தகைய காறை எலும்பு இல்லை. அதன் முன்னங்கால்கள் தசைகளாலும் நார்களாலும் மட்டுமே உடலோடு பிணைக்கப்பட்டுள்ளன. நெடுந்தாவலுக்கு இவ்வமைப்பு உதவுகிறது. ஆனால் முழு வேகத்தில் ஓடிவந்து பந்தருகே கால்களை ஊன்றித் திடீரென நிற்கும்போது, அந்த அதிர்ச்சி முழுவதையும் தோள்தசைகளும் மணிக்கட்டு மூட்டுகளும் ஏற்க வேண்டியுள்ளது.

பின்னங்காலின் நிலை வேறு. அதன் முழங்கால் மூட்டினுள் ஒன்றையொன்று குறுக்கிட்டுச் செல்லும் இரு நார்கள் உள்ளன. கீழ்க்கால் எலும்பு முன்னோக்கி நழுவாமல் காப்பது அவற்றுள் முன்புறத்தது. உயரத் தாவி, காற்றில் முறுக்கித் திரும்பி, ஒற்றைக் காலில் இறங்கும்போது அந்த நார் கடுமையாக இழுபடுகிறது. மனிதரில் இந்நார் பெரும்பாலும் விளையாட்டு விபத்தில் ஒரே இழுப்பில் அறுகிறது. நாய்களிலோ பெரும்பாலும் அது மெல்ல மெல்ல நைந்து, இறுதியில் ஒரு சிறு தாவலில் அறுகிறது. நார் அறுந்த மூட்டு நிலையிழந்து, நாளடைவில் மூட்டழற்சிக்கு உள்ளாகிறது. பல நாய்களுக்கு அறுவை மருத்துவம் தேவைப்படுகிறது.

இத்தீங்கு எல்லா நாய்களுக்கும் ஒரே அளவில் நேர்வதில்லை. குட்டிகளின் நீள எலும்பு முனைகளில் வளர்தட்டுகள் என்னும் மென்மையான பகுதிகள் உள்ளன. இனத்துக்கேற்ப ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டுக்குள் அவை முழுமையாக எலும்பாக இறுகும். அதற்குமுன் உயரத் தாவ விடுவது தவறு. உடல் பருத்த நாயின் மூட்டுகள் ஒவ்வோர் அடியிலும் மிகைச்சுமை தாங்குகின்றன. வாரம் முழுதும் கட்டிப்போடப்பட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு மணி நேரம் ஓடவிடப்படும் நாய்க்கும் இடர் மிகுதி. பழக்கமில்லாத தசையால் மூட்டைக் காக்க இயலாது.

தரையும் காலமும்

ஓடும் தரையையும் கவனிக்க வேண்டும். சிமெண்டுத் தளமும் தார்ச்சாலையும் அதிர்ச்சியை உறிஞ்சுவதில்லை. டைல்ஸ் பதித்த தரையில் கால் வழுக்குகிறது. ஆழ்ந்த மணலிலோ கால் புதைந்து தசைநாண்கள் வலுவாக இழுபடுகின்றன. ஓரளவு இறுகிய மண்தரையும் புல்தரையும் ஏற்றவை.

கோடையில் மற்றோர் இடரும் சேர்கிறது. மனிதர்போல் உடல் முழுதும் வியர்த்துக் குளிர்ச்சி பெற நாயால் இயலாது. அது பெரும்பாலும் மூச்சிரைத்தே வெப்பத்தை வெளியேற்றுகிறது. நாயின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியசு. அது 41 டிகிரியைக் கடந்தால் உயிருக்கே ஆபத்து. அக்கினி நட்சத்திர நாள்களில் திருநெல்வேலியின் பகல் வெயிலில் பந்தெறிவது, மூட்டுக்கு மட்டுமன்றி உயிருக்கும் கேடு. தரையில் புறங்கையைச் சில நொடிகள் வைத்துப் பார்த்தால் போதும். நம் கை தாங்காத சூட்டை நாயின் பாதமும் தாங்காது.

பொருளைத் தேர்தல்

பொருநைக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம் கடைசல் மரச்செப்புகளுக்குப் பெயர்பெற்றது. சிறுமியர் கூட்டாஞ்சோறு ஆக்கி விளையாடும் அடுப்பும் பானையும் அம்மியும் அங்குச் சிறு வடிவில் உருவாகின்றன. அவற்றை வாங்கும் பெற்றோர், கூர்முனை உண்டா, வாயில் போட்டால் தொண்டையில் சிக்குமா என்று பார்த்து வாங்குவர். நாய்க்கு வாங்கும் பொருளிலும் அதே கவனம் தேவை. குழந்தையைப்போல் நாயும் பொருளை வாயால்தான் அறிகிறது.

டென்னிஸ் பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 6.5 செ.மீ. பெரிய நாய்களின் தொண்டைக்குள் அது நழுவி மூச்சை அடைத்துவிடக்கூடும். அதன் மேலுள்ள சொரசொரப்பான உறையில் மணல் ஒட்டிக்கொண்டால், மெல்லும் நாயின் பற்களை உப்புத்தாள்போல் தேய்க்கும். கயிற்றுப் பொம்மையின் இழைகளை விழுங்கினால் அவை குடலைச் சுருக்கி இழுத்துச் சிக்கலாக்கும். மரக்குச்சியை எறிந்தால், அது தரையில் குத்தி நிற்கும்போது பாய்ந்துவரும் நாயின் வாயிலோ தொண்டையிலோ செருகும். எலும்பு, கல் போன்ற கடினப் பொருள்கள் பல்லைப் பிளக்கும். நகத்தால் அழுத்தினால் சிறிதேனும் பதியாத பொருள் நாயின் பல்லுக்கு ஏற்றதன்று. நாயின் வாயைவிடப் பெரியதும், நகம் பதியும் அளவுக்கு நெகிழ்வதும், துண்டு துண்டாக உதிராததுமான ரப்பர்ப் பொருளே தக்கது. கிழிந்த பொருளை இரக்கமின்றி அப்புறப்படுத்த வேண்டும்.

உடல் சொல்லும் மொழி

வலியை நாய் வாயால் சொல்வதில்லை. விளையாட்டின் கிளர்ச்சியில் அது வலியை மறந்தே ஓடுகிறது. நொண்டும் நாய் பந்தைக் கண்டதும் துள்ளுவதை நலத்தின் அடையாளமாகக் கொள்ளக்கூடாது. ஓய்வுக்குப்பின் எழும்போதுதான் உண்மை வெளிப்படும். எழுகையில் விறைப்பு, படியேறத் தயக்கம், உட்காரும்போது ஒரு காலைப் பக்கவாட்டில் நீட்டி வைத்தல், ஒரே மூட்டை ஓயாது நக்குதல், ஒரு தொடை மற்றொன்றைவிட மெலிதல் ஆகியவை அறிகுறிகள்.

இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் ஓட்டத்தை நிறுத்தி, கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியும் உள்ளது. வீட்டிலுள்ள வலிமாத்திரையை நாய்க்குக் கொடுப்பது பெருந்தவறு. மனிதர் உட்கொள்ளும் பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும், இபுபுரூஃபன் அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், உயிரையும் பறிக்கக்கூடும்.

அளவறிந்து ஆடுதல்

நாயோடு விளையாடவே வேண்டாம் என்பது இப்பாடத்தின் கருத்தன்று. ஓடாத நாய் பருத்து நலிகிறது. செய்வதற்கு ஏதுமில்லாத நாய் சோர்ந்து குரைக்கிறது. விளையாட்டு வேண்டும், அதன் வடிவத்தை மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் சில நிமிடங்கள் நடக்கவிட்டுத் தசைகளைச் சூடேற்றலாம். பந்தை உயர எறியாமல் தரையோடு உருட்டலாம். அப்போது தாவலும் முறுக்கலும் குறைகின்றன. நாயை அமரச்செய்து, பந்து உருண்டு நின்றபின் எடுத்துவர அனுப்பினால் திடீர் நிறுத்தம் குறையும். சில முறை எறிந்ததும் பந்தை மறைத்துவிட்டு வேறு செயலுக்கு மாறலாம். முடிவில் மெல்ல நடத்திச் செல்வது நல்லது.

ஓட்டம் ஒன்றே விளையாட்டு அன்று. நாயின் உலகம் மணத்தால் ஆனது. பழந்துணியின் மடிப்புகளில் உணவுத் துணுக்குகளை ஒளித்துவைத்துத் தேடச்செய்தால், மூட்டு வருந்தாமலேயே அதன் அறிவும் மூக்கும் உழைக்கும். காலைக் குளிரில் ஆற்றங்கரைச் சாலையில் அதன் போக்கில் முகர்ந்து நடக்கவிடுவதும் சிறந்த பயிற்சி. நீந்தும்போது நீர் உடலைத் தாங்குவதால் மூட்டுச்சுமை குறைகிறது. ஆயினும் ஆழமும் இழுப்பும் அறியாத நீரில் நாயை இறக்குவதும், அதன்பின் நாம் இறங்குவதும் கூடாது.

இந்திய அரசியலமைப்பின் 51அ பிரிவு, உயிர்களிடத்தில் பரிவு கொள்வதைக் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளுள் ஒன்றாகக் கூறுகிறது. விலங்குகளைத் தம் பொறுப்பில் வைத்திருப்போர் அவற்றுக்குத் தேவையற்ற வலி நேராமல் காக்க வேண்டும் என்று 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பணிக்கிறது. வதை என்றதும் நாம் கோலையும் கல்லையும் நினைக்கிறோம். விரும்பிக் கொடுத்த பந்தாலும் வலி நேரலாம் என்பதை அறிந்தவரே தம் பொறுப்பை முழுதும் அறிந்தவர்.

நாம் கண்ட மாணவனிடம் திரும்புவோம். அவன் மருத்துவரிடம் சென்று வந்துவிட்டான். சில வாரங்கள் நாய்க்கு ஓய்வு. பந்து அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. மாலையில் நாய் அண்ணாந்து அதைப் பார்க்கிறது. பிறகு அவனைப் பார்க்கிறது. எடுத்துக் கொடுப்பது அவனுக்கு எளிது. அவன் எடுக்கவில்லை. கழுத்துவாரை மாட்டிக்கொண்டு, அதன் நடைக்கேற்பத் தன் நடையைக் குறைத்து, தெருமுனை வரை மெல்ல நடக்கிறான். "போதும்" என்று சொல்ல நாய்க்குத் தெரியாது. அச்சொல்லை அதற்காக அவன் சொல்லக் கற்றுக்கொண்டான்.

சொல்லும் பொருளும்

ஞமலி, ஞாளி – நாய்
நிரை – கால்நடைக் கூட்டம்
காறை எலும்பு – தோளையும் மார்பெலும்பையும் இணைக்கும் எலும்பு
புரி – கயிற்றின் முறுக்கிழை
மூட்டழற்சி – மூட்டில் ஏற்படும் வீக்கமும் வலியும்

இலக்கணக் குறிப்பு

மீண்டும் மீண்டும் – அடுக்குத்தொடர்
திரும்பா முயல் – ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்
ஓடிய நாய் – பெயரெச்சம்
கழுத்து, தோள், விரல் வலி – செவ்வெண்

பகுபத உறுப்பிலக்கணம்

எறிந்தான் = எறி + த்(ந்) + த் + ஆன்
எறி – பகுதி. த் – சந்தி. ந் ஆனது விகாரம். த் – இறந்தகால இடைநிலை. ஆன் – ஆண்பால் வினைமுற்று விகுதி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நாட்டு நாய் வளர்ப்போர் ஒருவரைச் சந்தித்து, அந்நாயின் அன்றாட ஓட்டம், ஓய்வு, உணவு பற்றிக் கேட்டறிந்து ஒருபக்க அளவில் எழுதுக.
2. ஒரே அசைவை நாள்முழுதும் செய்யும் தொழில்கள் மூன்றினைக் கண்டறிந்து, அவற்றால் உடலில் எப்பகுதி வருந்துகிறது என்று வகுப்பில் கலந்துரையாடுக.

மதிப்பீடு

குறுவினா
1. மீள்செயல் காயம் என்றால் என்ன?
2. எடுத்தனூர் நடுகல் தெரிவிக்கும் செய்தி யாது?

சிறுவினா
1. முயல் துரத்துதலுக்கும் பந்து விளையாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
2. நொண்டும் நாய் பந்தைக் கண்டு துள்ளுவதை நலத்தின் அடையாளமாகக் கொள்ளக்கூடாது – ஏன்?

நெடுவினா
1. அன்பும் அளவறிதலும் ஒருங்கே அமைய வேண்டும் என்பதைப் பாடக் கருத்துகளின் துணைகொண்டு நிறுவுக.